நிலமும் மொழியும்

ஆப்பிரிக்கா, ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைக் கொண்ட பெருங்கண்டம். அங்கே வழங்கும் மொழிகள் ஏறத்தாழ இரண்டாயிரம். ஆகவே ஆப்பிரிக்க இலக்கியம் என்பது ஒருமொழி இலக்கியமன்று. எகிப்தின் நகிப் மஹ்ஃபூஸ் அரபு மொழியில் எழுதினார். நைஜீரியாவின் ஃபகுன்வா யொரூபா மொழியிலும், லெசோத்தோவின் தாமஸ் மொஃபோலோ செசோத்தோ மொழியிலும், செனகலின் மரியாமா பா பிரெஞ்சு மொழியிலும், நைஜீரியாவின் சினுவா அச்சிபி ஆங்கிலத்திலும் எழுதினர். கென்யாவின் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் புகழ்பெற்ற பின்னர்த் தம் தாய்மொழியான கிகூயூவுக்குத் திரும்பினார். எந்த மொழியில் எழுதுவது, யாருக்காக எழுதுவது என்னும் வினா இன்றும் அக்கண்டத்து எழுத்தாளர் ஒவ்வொருவர் முன்னும் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவ்வினாவை எதிர்கொண்டவர் தென்னாப்பிரிக்காவின் சோல் பிளாட்ஜே. தம் மக்கள் நிலத்தை இழப்பதையும் மொழியை இழப்பதையும் அவர் ஒரே காலத்தில் கண்டார்; இரண்டையும் காக்க இருமொழியில் எழுதினார்.

பிறப்பும் கல்வியும்

சாலமன் செகிஷோ பிளாட்ஜே 1876 ஆம் ஆண்டு அக்டோபர் 9 ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு விடுதலை மாநிலத்தில் போஷாப் என்னும் ஊருக்கருகில் பிறந்தார். பெற்றோர் செட்சுவானா மொழி பேசும் பரோலாங் குடியினர். குடும்பம் சில ஆண்டுகளில் வால் ஆற்றங்கரையிலுள்ள பினியேல் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. ஜெர்மானியச் சமயப் பணியாளர்கள் நடத்திய பள்ளி அங்கே இருந்தது. பாதிரியார் வெஸ்ட்பாலும் அவர்தம் துணைவியாரும் சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு வகுப்பு நேரத்திற்கு அப்பாலும் பாடம் சொல்லிக்கொடுத்தனர். இசையும் ஆங்கில இலக்கியமும் அவ்வாறே அவருக்கு அறிமுகமாயின.

பள்ளியில் அவர் பெற்ற முறையான கல்வி மூன்றாம் நிலையோடு முடிவுற்றது. ஆயினும் மொழிக்கல்வி அவரைச் சுற்றி எங்கும் இருந்தது. வீட்டில் முதியோர் பழங்கதைகளைச் செட்சுவானாவில் சொன்னார்கள். பள்ளியில் ஜெர்மனும் ஆங்கிலமும் ஒலித்தன. அண்டை வீடுகளில் டச்சும் கொரானாவும் பேசப்பட்டன. பின்னாளில் எட்டு மொழிகளை அறிந்தவர் என்று அவர் போற்றப்படுவதற்கு இச்சூழலே வித்திட்டது.

அஞ்சலகப் பணியும் இல்லறமும்

1894 ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதில், வைரச் சுரங்க நகரமான கிம்பர்லியின் அஞ்சலகத்தில் பிளாட்ஜே கடிதம் கொண்டுசேர்ப்பவராகப் பணியேற்றார். பல குடியினரும் பல மொழியினரும் வேலைதேடி வந்து கூடிய நகரம் அது. படித்த ஆப்பிரிக்க இளைஞர்கள் அங்கே ஒரு முன்னேற்றச் சங்கத்தை நிறுவியிருந்தனர். நூல்களைப் படித்து விவாதிப்பதும் கட்டுரை வாசிப்பதும் அதன் நோக்கங்கள். பிளாட்ஜே அதில் முனைப்புடன் பங்கேற்றார். அந்நகரின் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைக் கண்டது, அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த ஓர் ஈடுபாட்டைத் தொடங்கிவைத்தது.

கிம்பர்லியில்தான் அவர் எலிசபெத்தைச் சந்தித்தார். அப்பெண் கோசா மொழி பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தாய்மொழியைப் பிளாட்ஜே அப்போது நன்கறியவில்லை. தம் மொழியில் மனத்தைத் திறந்தால் அவருக்கு முழுதும் விளங்குமோ என்னும் ஐயமும் இருந்தது. எனவே இருவரும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டனர். வேறு குடியில் மணம் செய்வதை இரு வீட்டாரும் எதிர்த்தனர். எதிர்ப்பை மீறி 1898 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருமணம் நடைபெற்றது. இக்குடும்பம் தன் பிள்ளைகளுக்குச் சூட்டிய பெயர்களே அதன் பற்றுகளை உணர்த்தும். ஒரு மகளுக்கு எழுத்தாளர் ஆலிவ் ஷ்ரைனரின் பெயரையும், ஒரு மகனுக்கு அச்சுக்கலையின் தந்தையான யோகான்னஸ் கூட்டன்பர்க்கின் பெயரையும் இட்டனர்.

முற்றுகைக்குள் ஒரு நாட்குறிப்பு

திருமணம் நடந்த ஆண்டிலேயே மாஃபெகிங் நகர நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பிளாட்ஜே அமர்த்தப்பட்டார். வழக்காடுவோர் ஒரு மொழியிலும் நீதிபதி வேறொரு மொழியிலும் பேசும் அவையில், ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தாலும் குற்றமற்றவர் தண்டனை பெறக்கூடும். சொல்லின் பொறுப்பை அவர் அங்கே கற்றார். அரசுப் பணித் தேர்வில் டச்சு மொழியிலும் தட்டச்சிலும் முதன்மை மதிப்பெண் பெற்றார்.

1899 ஆம் ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. மாஃபெகிங் நகரைப் போயர் படை 217 நாள்கள் முற்றுகையிட்டது. நகரைக் காத்த ஆங்கிலத் தளபதி பேடன் பவலின் புகழை உலகச் செய்தித்தாள்கள் பாடின. அதே நகரில் பசியாலும் குண்டுவீச்சாலும் மடிந்த ஆப்பிரிக்க மக்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. இருபத்து மூன்று வயது நிரம்பிய பிளாட்ஜே இரவுதோறும் நாட்குறிப்பு எழுதினார். உணவுப் பங்கீட்டில் கறுப்பின மக்களுக்கு நேர்ந்த குறைவையும், உயிரைப் பணயம் வைத்து முற்றுகையைக் கடந்து செய்தி கொண்டுசென்ற ஆப்பிரிக்கத் தூதர்களின் துணிவையும் பதிவுசெய்தார். ஆங்கிலத்தில் எழுதிய அந்நாட்குறிப்பில் டச்சு, செட்சுவானா, கோசா முதலிய மொழிகளின் சொற்கள் இயல்பாகக் கலந்து வந்தன. துயரத்தின் நடுவிலும் நகைச்சுவை குன்றாத நடை அது. எழுதியவர் அதனை அச்சிடவில்லை. 1969 ஆம் ஆண்டில் ஆய்வாளர் ஜான் கோமராஃப் கண்டெடுக்க, 1973 இல் அது நூலாக வெளிவந்தது. அம்முற்றுகையைப் பற்றிக் கறுப்பினத்தவர் ஒருவர் எழுதியதாகக் கிடைத்துள்ள நாட்குறிப்பு அது ஒன்றே.

இதழாசிரியர்

போருக்குப் பின் நீதிமன்றப் பணியைத் துறந்து, கொரான்டா என்னும் வார இதழின் ஆசிரியர் பொறுப்பை அவர் ஏற்றார். பரோலாங் குடித் தலைவர்களுள் ஒருவரான சைலஸ் மொலேமா அதற்குப் பொருளுதவி செய்தார். செட்சுவானாவிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த இதழ் அது. ஆங்கிலப் பக்கங்கள் ஆட்சியாளரை நோக்கிப் பேசின. செட்சுவானாப் பக்கங்கள் மக்களோடு பேசின. நிதி நெருக்கடியால் அவ்விதழ் நின்றபோதும் பிளாட்ஜே சோர்ந்துவிடவில்லை. 1910 இல் கிம்பர்லியில் வேறோர் இதழைத் தொடங்கினார். மக்களின் நண்பன் என்று பொருள்படும் சாலா எ பாத்தோ என்னும் பெயரில் 1912 முதல் அது தொடர்ந்தது.

அவ்வாண்டு சனவரி 8 ஆம் நாள் புளூம்ஃபாண்டெய்ன் நகரில் ஆப்பிரிக்க மக்களின் தலைவர்கள் கூடி, ஒரு தேசியக் காங்கிரசை நிறுவினர். பின்னாளில் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு எனப் பெயர்பெற்ற இயக்கம் இதுவே. ஜான் டூபே அதன் தலைவராகவும் பிளாட்ஜே முதல் பொதுச்செயலாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

சொந்த மண்ணில் அயலவர்

1913 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தென்னாப்பிரிக்க அரசு, பூர்வகுடிகள் நிலச்சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாட்டு மக்களுள் பெரும்பான்மையினரான ஆப்பிரிக்கருக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு நிலமே ஒதுக்கப்பட்டது. அதற்கு வெளியே வெள்ளையரிடமிருந்து அவர்கள் நிலம் வாங்குவதும் குத்தகைக்கு எடுப்பதும் தடைசெய்யப்பட்டன. வெள்ளையரின் பண்ணைகளில் விளைச்சலில் பாதியைக் கொடுத்து உழுதுவந்த குடும்பங்கள், கூலி ஆளாக இருக்கவேண்டும் அல்லது வெளியேறவேண்டும் என்னும் நிலைக்குத் தள்ளப்பட்டன.

பிளாட்ஜே செய்தித்தாள் அலுவலகத்தில் அமர்ந்து தலையங்கம் எழுதுவதோடு நின்றுவிடவில்லை. மிதிவண்டியில் ஏறி, கடுங்குளிர்க் காலத்தில் ஆரஞ்சு விடுதலை மாநிலத்தின் சாலைகளில் பயணம் செய்தார். மாட்டுவண்டியில் தட்டுமுட்டுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு, நிற்க இடமின்றி அலைந்த குடும்பங்களைக் கண்டார். மேய்ச்சல் நிலம் இல்லாமையால் வழியிலேயே ஆடுமாடுகள் மடிந்தன. அவற்றை அடிமாட்டு விலைக்கு விற்றவர்களும் உண்டு. ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை பயணத்தில் நோயுற்று இறந்தது. அதனைப் புதைக்கவும் அவர்களுக்கு உரிமையுள்ள மண் இல்லை. எவரும் காணாத இரவில், பிறர் நிலத்தில் அஞ்சி அஞ்சிக் குழிதோண்டிப் பெற்றோர் தம் பிள்ளையை அடக்கம் செய்தனர். பிளாட்ஜேயின் எழுத்தில் நிலச்சட்டத்தின் கொடுமையை எந்தப் புள்ளிவிவரத்தினும் ஆழமாக உணர்த்துவது இந்நிகழ்வே. அந்நாள்களில் அவர் இல்லத்திலும் துயரம் புகுந்தது. கூட்டன்பர்க் எனப் பெயர்பெற்ற அவர் மகன் 1914 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மறைந்தான்.

இலண்டனில் எழுந்த நூல்கள்

நிலச்சட்டத்தை நீக்கக் கோரி, 1914 ஆம் ஆண்டில் காங்கிரசு ஐவர் குழு ஒன்றை இலண்டனுக்கு அனுப்பியது. அதில் பிளாட்ஜேயும் இருந்தார். ஆங்கில அரசு செவிசாய்க்கவில்லை. ஆகஸ்டில் உலகப்போர் மூண்டதும் கோரிக்கை முற்றிலும் ஒதுக்கப்பட்டது. மற்றவர் ஊர் திரும்பினர். பிளாட்ஜே மட்டும் வறுமையோடு அங்கேயே தங்கி, நூற்றுக்கணக்கான கூட்டங்களில் உரையாற்றினார். கப்பல் பயணத்திலேயே எழுதத் தொடங்கிய நூலை முடித்து, 1916 இல் வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவில் பூர்வகுடி வாழ்வு என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டார். சட்டமன்ற உரைகளையும் தாம் நேரில் கண்ட காட்சிகளையும் இணைத்து, ஆட்சியாளரின் மொழியிலேயே அவர்கள்மேல் தொடுத்த வழக்கு அந்நூல்.

அதே ஆண்டில் அவருடைய வேறிரண்டு நூல்களும் வெளிவந்தன. அவை நிலத்தைப் பற்றியவை அல்ல, மொழியைப் பற்றியவை. செட்சுவானாவுக்கு எழுத்துருவம் தந்தோர் சமயப் பணியாளர்கள். ராபர்ட் மொஃபாட் 1857 ஆம் ஆண்டிலேயே விவிலியத்தை அம்மொழியில் முழுமையாகத் தந்திருந்தார். ஆனால் ஒவ்வொரு சமயச் சங்கமும் தனக்கெனத் தனி எழுத்துக்கூட்டலைக் கையாண்டது. மேலும், செட்சுவானா ஒலியேற்றத்தால் பொருள் வேறுபடும் மொழி. ஒரே எழுத்துகளால் அமைந்த சொல், குரலின் ஏற்ற இறக்கத்தால் வெவ்வேறு பொருள் தரும். உரோமானிய எழுத்தில் அவ்வேறுபாடு மறைந்துவிடும். எழுத்தைப் பார்த்து மட்டும் கற்கும் தலைமுறை, தாய்மொழியின் ஒலியை இழக்கும் என்று பிளாட்ஜே அஞ்சினார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸுடன் இணைந்து அதற்கு அவர் தீர்வு தேடினார். பிளாட்ஜே ஒவ்வொரு சொல்லையும் ஒலித்துக்காட்ட, ஜோன்ஸ் அதனைப் பன்னாட்டு ஒலியியல் குறியீடுகளில் பதிவுசெய்தார். அவ்வுழைப்பில் செட்சுவானா வாசிப்பு நூல் உருவாயிற்று. இம்மொழி ஆய்வு மொழியியல் உலகுக்கும் பயன்பட்டது. ஒலியன் என்னும் கருத்தை ஜோன்ஸ் தம் 1917 ஆம் ஆண்டு உரையில் செட்சுவானாவைக் கொண்டே விளக்கினார்.

மற்றொன்று பழமொழித் தொகுப்பு. தம் முன்னோர் வாயிலாகக் கேட்டறிந்த 732 பழமொழிகளைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் நேர்ப்பொருளையும் இணையான ஐரோப்பியப் பழமொழியையும் அருகருகே அமைத்தார். ஆப்பிரிக்கருக்கு இலக்கியமில்லை என்று எண்ணியோருக்கு அத்தொகுப்பே விடை. ஷேக்ஸ்பியரின் முந்நூறாம் நினைவாண்டுக்காக அவ்வாண்டில் இலண்டனில் வெளியிடப்பெற்ற பன்மொழிப் போற்றிமலரிலும் அவருடைய கட்டுரை செட்சுவானாவில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இடம்பெற்றது. அப்பெருங்கவியின் பெயரை அவர் மொழியினர் தம் நாவுக்கேற்ப மாற்றி வழங்கியதை அதில் மகிழ்வோடு விளக்கினார்.

புதினத்தின் வழியே வரலாறு

1919 இல் மீண்டும் ஒரு குழுவோடு பிளாட்ஜே இலண்டன் சென்று, தலைமையமைச்சர் லாயிட் ஜார்ஜை நேரில் சந்தித்து முறையிட்டார். பயன் விளையவில்லை. அங்கிருந்து கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, தம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார். அவர் கடல்கடந்திருந்த 1921 ஆம் ஆண்டில் மகள் ஆலிவ் உயிர்நீத்தாள். 1918 ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலின்போது, பதின்மூன்று வயதுச் சிறுமியாக இருந்தும் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தவள் அவள். தந்தையால் மகளின் முகத்தை இறுதியாகக் காணவும் இயலவில்லை. தம் புதினத்தை அவளுக்கே அவர் காணிக்கையாக்கினார்.

முஹூடி என்னும் அப்புதினத்தை அவர் 1920 ஆம் ஆண்டளவில் எழுதி முடித்தார். அதனை அச்சிட முன்வருவோரைத் தேடியே பத்தாண்டுகள் கழிந்தன. 1930 இல்தான் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் அச்சகம் அதனை வெளியிட்டது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் முழுநீளப் புதினம் என்று அது போற்றப்படுகிறது.

கதை 1830 களில் நிகழ்வது. மடாபெலே அரசன் ம்சிலிகாசியின் படை, பரோலாங் மக்களின் ஊரை அழிக்கிறது. உயிர்தப்பிய முஹூடியும் ரா தாகாவும் காட்டில் சந்தித்து வாழ்க்கைத் துணைவராகின்றனர். பரோலாங் மக்களும் புதிதாகக் குடியேறிய போயர்களும் கூட்டுச்சேர்ந்து ம்சிலிகாசியை வெல்கின்றனர். தோற்று வடக்கே செல்லும் அரசன், போயர்களை நம்பியவர்கள் ஒருநாள் அவர்களாலேயே நிலமிழந்து அடிமைப்படுவர் என்று எச்சரிக்கிறான். 1913 ஆம் ஆண்டின் நிலச்சட்டத்தைக் கண்டவர் எழுதிய கதை இது என்பதை உணர்ந்தால், அவ்வெச்சரிக்கையின் கனம் விளங்கும்.

பகை நாட்டு அரசியான உம்நண்டியோடும் போயர் நங்கை ஒருத்தியோடும் முஹூடி கொள்ளும் நட்பு, போரிடும் ஆண்களின் பகைக்கு அப்பால் நிற்கிறது. கணவனினும் கூர்மதியும் துணிவும் உடையவளாக அவளை ஆசிரியர் படைத்துள்ளார். வாய்மொழிக் கதைசொல்லல், பழமொழி, பாடல், விவிலிய நடை, ஷேக்ஸ்பியரின் சாயல் ஆகியன ஒன்றுகலந்த புதினம் இது. தம் தாய்மொழியிலன்றி ஆங்கிலத்தில் இதனை எழுதியதற்கு அவர் கூறிய காரணங்களுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. விற்பனையில் வரும் பொருளைக்கொண்டு, மறைந்துவரும் செட்சுவானா நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி அச்சிட வேண்டும் என்பதே அது. ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியைக் காக்கும் கருவியாயிற்று.

செட்சுவானா பேசிய ஷேக்ஸ்பியர்

1923 ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பிய பிளாட்ஜே தம் எஞ்சிய ஆண்டுகளின் பெரும்பகுதியை மொழிப்பணிக்கு ஈந்தார். ஷேக்ஸ்பியரின் பிழைகளின் இன்பியல் நாடகத்தை மொழிபெயர்த்து, 1930 இல் வெளியிட்டார். ஜூலியஸ் சீசர் நாடகத்தின் மொழிபெயர்ப்பு அவர் மறைவுக்குப்பின் 1937 இல் அச்சேறியது. உயர்ந்த கருத்துகளைச் சொல்லும் ஆற்றல் ஆப்பிரிக்க மொழிகளுக்கு இல்லை என்போருக்கு, அம்மொழிபெயர்ப்புகளே மறுமொழியாயின.

அக்காலத்தில் அறிஞர் குழுக்கள் ஆப்பிரிக்க மொழிகளுக்கு ஒரே சீரான எழுத்துமுறையை வகுக்க முற்பட்டன. நோக்கம் நல்லதாயினும், அம்மொழிகளைப் பேசுவோரின் கருத்தைக் கேளாமல் முடிவெடுப்பதைப் பிளாட்ஜே கடுமையாக எதிர்த்தார். நிலத்தைப் பற்றிய சட்டம் அந்நிலத்தில் வாழ்வோரைக் கேளாமல் இயற்றப்பட்டது. மொழிக்கும் அந்நிலை நேரலாகாது என்பது அவர் உறுதி.

1932 ஆம் ஆண்டு ஜூன் 19 ஆம் நாள், ஜோகன்னஸ்பர்க் அருகே பிம்வில் என்னுமிடத்தில் நிமோனியாவால் அவர் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 55. உடல் கிம்பர்லியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் உழைத்துத் திரட்டிய கையெழுத்துப் படிகளுள் பல, அச்சேறாமலே மறைந்துபோயின.

விதைத்தவரும் விளைச்சலும்

பிளாட்ஜே எதிர்த்த நிலச்சட்டம் அவர் வாழ்நாளில் நீங்கவில்லை. 1991 ஆம் ஆண்டில்தான் அது திரும்பப் பெறப்பட்டது. அரசியலில் அவர் கண்டது தோல்வியே எனலாம். எழுத்தில் அவர் விட்டுச்சென்றவை காலம் செல்லச்செல்ல உயிர்பெற்றன. அச்சகத்தார் செய்திருந்த மாற்றங்களை விலக்கி, மூலத் தட்டச்சுப் படியை ஒட்டிய முஹூடி 1970 களில் வெளிவந்தது. அச்சிபி, கூகி முதலியோரின் படைப்புகள் இடம்பெற்ற ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையிலேயே அதுவும் இணைந்தது. பூர்வகுடி வாழ்வைப் பற்றிய அவர் நூல் 1982 இல் மறுபதிப்புக் கண்டபோது, தென்னாப்பிரிக்காவில் பிறந்து போட்ஸ்வானாவில் வாழ்ந்த எழுத்தாளர் பெஸ்ஸி ஹெட் அதற்கு முன்னுரை எழுதினார்.

இன்று செட்சுவானா, தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. கிம்பர்லியில் அவர் பெயர்தாங்கிய பல்கலைக்கழகம் 2014 முதல் இயங்கிவருகிறது. அவர் பெயரால் வழங்கப்படும் கவிதைப் பரிசுக்கு அந்நாட்டின் எந்த ஆட்சிமொழியில் எழுதிய கவிதையையும் அனுப்பலாம்.

ஒரு கண்டம் பல மொழிகளில் எழுதுவது தானாக நிகழ்வதன்று. ஒவ்வொரு மொழிக்கும் அதன் ஒலியைக் கேட்டு, பழமொழியைத் தொகுத்து, எழுத்தைச் செப்பனிட்டு, அச்சிடப் பொருள்தேடி அலைந்தவர் யாரேனும் இருந்திருக்கவேண்டும். செட்சுவானா மொழிக்கு அவ்வாறு வாய்த்தவர், மூன்றாம் நிலையோடு பள்ளியை விட்டு, கடிதம் சுமந்து வாழ்க்கையைத் தொடங்கிய சோல் பிளாட்ஜே ஆவார்.